கண்டக்டர் சீட்டும் நம் சர்க்கரையும்

வணக்கம் நேயர்களே. வியாசர்பாடியில் என் கிளினிக்குக்கு வரும் ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்லித் தொடங்குகிறேன். மாநகர பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் ரூபாய் நோட்டை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகித்தான் வைத்திருப்பார். அவருக்குச் சர்க்கரையும் இருக்கிறது, ரத்தக்கொதிப்பும் இருக்கிறது என்று நான் சொன்ன அன்று, அவரால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. "ஒரு நாளைக்கு எட்டு ட்ரிப் ஓடியவன் டாக்டரம்மா நான். எனக்கு எப்படி வரும்?" என்று கேட்டார்.

சொல்லச் சங்கடமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன்: "ஐயா, பஸ் ஓடியது. நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள்."

சென்னை பஸ்ஸில் போகிறவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். பின்பக்கப் படிக்கு அருகில் கண்டக்டருக்கு ஒரு சீட் உண்டு. பெரும்பாலும் அவர் அங்கேயே இருப்பார்; நம் காசுதான் பத்துக் கை மாறி அவரிடம் போகும், டிக்கெட்டும் மீதிச் சில்லறையும் அதே கைகள் வழியாகத் திரும்பி வரும். அவருடைய உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. வெயில், புகை, கூட்டம், நாள் முழுக்கத் தொண்டை வலிக்கக் குரல் கொடுப்பது எல்லாமே உழைப்புதான். ஆனால் தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் அதில் வேலை இல்லை.

அவரிடம் அன்று ஒரு கதை சொன்னேன். நேரம் கொஞ்சம் போனாலும் உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், எனக்கு மிகவும் பிடித்த கதை. லண்டனில் ஜெரமி மோரிஸ் என்று ஒரு மருத்துவர் இருந்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மாரடைப்பு ஏன் இப்படிப் பெருகுகிறது என்ற கேள்வி அவரைக் குடைந்தது. அங்கே மாடி பஸ்கள் ஓடின. டிரைவர் வேலை நேரம் முழுக்க உட்கார்ந்திருப்பார். கண்டக்டரோ டிக்கெட் கொடுக்க மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்குவார்; ஒரு நாளைக்கு ஐந்நூறு படிகளுக்கு மேல். பஸ்ஸும் ஒன்று, தெருவும் ஒன்று, வருமானத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் டிரைவர்களைவிடக் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது. வந்தாலும் உயிரைப் பறித்தது குறைவு. 1953-இல் இது 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது.

யாரும் லேசில் நம்பவில்லை. குண்டானவர்கள்தான் டிரைவர் வேலைக்குப் போகிறார்களோ என்ற சந்தேகம் இருந்தது. மோரிஸ் என்ன செய்தார் தெரியுமா? சீருடை கொடுக்கும் இடத்துக் கணக்கை வாங்கி, ஒவ்வொருவருடைய கால்சட்டையின் இடுப்பளவையும் பார்த்தார். டிரைவர்களின் இடுப்பு பெரிதுதான். ஆனால் ஒரே இடுப்பளவு உள்ளவர்களை ஒப்பிட்டபோதும், ஏறி இறங்கியவருக்கே ஆபத்து குறைவாக இருந்தது. மோரிஸ் 99 வயது வரை வாழ்ந்து 2009-இல் காலமானார்.

பெரியவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நம் ஊரிலும் மாடி பஸ் ஓடியதே அம்மா" என்றார்.

ஏன் இப்படி என்று கேட்பீர்கள். நாம் சாப்பிட்ட சோறும் இட்லியும் சர்க்கரையாகி ரத்தத்தில் கலக்கிறது. அதை அதிகம் வாங்கிக்கொள்வது தசை. தசை அசையும்போது, இன்சுலின் சரியாக வேலை செய்யாதவர்களுக்குக்கூட அது சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். அசையாவிட்டால் சர்க்கரை ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு நாள் என்றால் உடம்பு தாங்கும். இருபது ஆண்டு தினமும் இதே கதை என்றால் ரத்தக்குழாய், சிறுநீரகம், கண், பாத நரம்பு என்று ஒவ்வொன்றாகப் பழுதாகும். குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்று பெரியவர்கள் சொத்தைப் பற்றிச் சொன்னார்கள். உடம்புக்கும் அது பொருந்துகிறது.

2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. இன்னும் 13 கோடிக்கும் மேற்பட்டவர்கள் அதன் வாசலில் நிற்கிறார்கள். வாசலில் நிற்பவர்கள் திரும்பி வரலாம். அவர்களை நினைத்துத்தான் இன்று இங்கே பேச ஒப்புக்கொண்டேன்.

கடற்கரையில் காலையில் நடப்பவர்கள் பலர், "நான்தான் தினமும் நடக்கிறேனே" என்கிறார்கள். நல்லது, விட்டுவிடாதீர்கள். ஆனால் அந்த முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு பைக், ஆபீஸ் நாற்காலி, திரும்பவும் பைக், சோபா. இரவு ஒன்பதரைக்குச் சாப்பாடு, கை கழுவியதும் சீரியல், பிறகு படுக்கை. நாளின் பெரிய சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு ஓர் அடிகூட எடுத்துவைப்பதில்லை. நான் கேட்பது இதுதான்: சாப்பாட்டை எட்டு மணிக்குக் கொண்டுவாருங்கள், சாப்பிட்டதும் பதினைந்து நிமிடம் மெதுவாக நடங்கள். தெருவில் நாய்த் தொல்லை என்றால் மொட்டை மாடி இருக்கிறது. மறுபடியும் சொல்கிறேன், மெதுவாக நடந்தால் போதும். இன்சுலின் போடுகிறவர்களும், நடந்தால் நெஞ்சு வலிக்கிறவர்களும் மட்டும் முதலில் உங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்கூட இல்லை. உப்பைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவு; அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன்கூட முழுதாக இல்லை. சாம்பார், ரசம், ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு எல்லாம் சேர்த்து அவ்வளவுதான். இன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் இருக்கும் உப்பு ஜாடியை மட்டுமாவது அடுப்படிக்கு எடுத்துப்போய் வையுங்கள். தூக்கத்தைப் பற்றி எழுதி வந்த தாள் அப்படியே கையில் இருக்கிறது.

பெரியவர் இப்போது மகன் வீட்டில் மூன்றாவது மாடியில் இருக்கிறார். லிஃப்ட்டில் ஏறுவதில்லையாம். போன மாதம் அவருடைய மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை எட்டு சதவீதத்திலிருந்து ஏழுக்கு வந்திருந்தது. மாத்திரையும் சாப்பிடுகிறார், அதையும் சொல்லிவிட வேண்டும். உங்கள் வீட்டில் இது சாப்பாட்டு நேரமாக இருக்கும். மொட்டை மாடிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று இப்போதே கேட்டு வையுங்கள். வணக்கம்.