டிரம்ஸ் அடித்துக்கொண்டே பாடும்போது மூச்சை எங்கே வைப்பது?

வணக்கம் மக்களே. இன்றைக்குப் பாம்பனில் வடகடல் பக்கம் உட்கார்ந்து பேசுகிறேன். வழக்கமாகத் தென்கடல் கரையில்தான் வீடியோ எடுப்பேன், ஆனால் இது கச்சான் காற்று அடிக்கிற மாதம், அங்கே போனால் காற்றுதான் பேசும், நான் பேசுவது ஒரு வார்த்தைகூட உங்களுக்குக் கேட்காது. இங்கே கடல் குளம் மாதிரி கிடக்கிறது. பாலத்தில் ரயில் வந்தால் அது போகும்வரை நிறுத்திக்கொள்கிறேன்.

ஒவ்வொரு கச்சேரி முடிந்து மேடையை விட்டு இறங்கும்போதும் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுகிறார்கள். கையும் காலும் ஒரு பக்கம் ஓடும்போது வாய் எப்படி வேறு பக்கம் போகிறது என்று. இதற்கு ஐந்து நிமிடத்தில் பதில் சொல்ல முடியவில்லை, அதனால்தான் இந்த வீடியோ.

நான் பாட ஆரம்பித்தது திட்டம் போட்டு இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு திருவிழாக் கச்சேரி. எங்கள் பாடகிக்கு இரண்டாவது பாட்டிலேயே தொண்டை கட்டிவிட்டது. பாட்டெல்லாம் எனக்கு மனப்பாடம், கீபோர்டு அண்ணன் திரும்பி "நீ எடு"ன்னு கண்ணைக் காட்டினார், ஸ்டூலில் உட்கார்ந்தபடியே எடுத்தேன். பல்லவி நன்றாகவே போனது. சரணத்தில் எல்லாம் சரிந்தது. வார்த்தை எங்கே விழுந்ததோ அங்கேயே என் காலும் கிக்கை, அதாவது காலால் அடிக்கிற பெரிய டிரம்மை, மிதித்தது, ஃபில், அதாவது வரிக்கு வரி நடுவில் ஓட்டுகிற அடி, அடித்து முடித்தபோது அடுத்த வரிக்கு நெஞ்சில் காற்றே இல்லை, அந்தப் பதற்றத்தில் வேகம் கூடியது. யாரோ கைபேசியில் எடுத்த பதிவை அப்புறம் வேகத்தை எண்ணிக் காட்டும் மெட்ரோனோமோடு வைத்துப் பார்த்தேன். நிமிடத்துக்கு 96 அடியில் ஆரம்பித்த பாட்டு 110ஐத் தாண்டி முடிந்திருந்தது. ஒரு பாட்டின் வேகம் மாறாமல் பிடித்து வைக்க வேண்டிய ஆளே நான்தான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, ஏன் அப்படி ஆனது? முதல் காரணம் எடுப்பு. கர்நாடக இசையில் இதற்குப் பெயரே இருக்கிறது. தாளமும் பாட்டும் ஒன்றாகத் தொடங்கினால் சம எடுப்பு, பாட்டு முந்தினால் அதீதம், தாளம் விழுந்த பிறகு பாட்டு வந்தால் அனாகதம். நாம் மேடையில் பாடும் சினிமாப் பாட்டுகளில் எத்தனையோ அனாகதம்தான், கிக் விழுந்து அரை அடி கழித்துத்தான் வார்த்தை பிறக்கும். கேட்கும்போது அந்தத் தாமதம்தான் சுகம். வாசித்துக்கொண்டே பாடுகிறவருக்கோ, வாயும் காலும் ஒன்றை ஒன்று இழுக்கும். உடம்புக்கு அழுத்தமெல்லாம் ஒரே இடத்தில் விழவேண்டும் என்றுதான் ஆசை.

அதை நான் பிரித்தது இப்படி. ஸ்டிக்கை எடுக்கவே இல்லை. தொடையில் வலது கை எட்டு அடி, இடது கை இரண்டாவது, நான்காவது எண்ணிக்கையில் ஒரு தட்டு, தரையில் கால். வேகம் 60. அதன்மேல் பாட்டு வரிகளை ராகமே இல்லாமல், கடைக்குச் சாமான் சொல்வது போலச் சொல்லிப் பார்த்தேன். சிக்கிய சொல் வந்தால் அந்த ஒரு சொல்லுக்கு மட்டும், தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோல் மாதிரி தகதிமி போட்டு, 'த'வில் விழுகிறதா 'தி'யில் விழுகிறதா என்று பார்த்தேன். அப்புறம் வரியை விட்டுவிட்டு மெட்டை மட்டும் 'நா நா' என்று பாடினேன். அதற்கும் பிறகுதான் இரண்டும் சேர்ந்து. முதல் பாட்டுக்குப் பத்தொன்பது நாள் ஆனது. இரண்டாவது பாட்டுக்கு ஐந்து நாள். எண்ணிக்கையை ஏன் சொல்கிறேன் என்றால், மூன்று நாள் முயற்சி செய்துவிட்டு 'எனக்கு வராது' என்று விட்டவர்களை எனக்குத் தெரியும்.

கை இவ்வளவு பழகியும் வரியின் கடைசியில் எனக்குத் திணறியது. அதைத் திருத்தியது என் அம்மா.

அம்மா கடல்பாசி எடுக்கிறவர். காலையில் வல்லம் என்கிற படகில் தீவுப் பக்கம் போய், கண்ணாடி மாட்டி, விரலில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சுப் பிடித்து மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் பறித்து வருவார். முப்பது வருஷமாக இதுதான் வேலை. ஒரு நாள் சாயங்காலம் நான் வீட்டுத் திண்ணையில் பயிற்சி செய்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "ஏத்தா, நீ அடிக்கிறப்ப மூச்சையே அடக்கிட்டுல்ல இருக்க" என்றார். இல்லை என்றேன். "திரும்ப அடி, பார்ப்போம்" என்றார். அடித்தேன். ஃபில் தொடங்கும்போது வயிறு கல் மாதிரி இறுகிவிட்டது, கடைசியில் கிராஷ் சிம்பல் விழுந்த பிறகுதான் காற்று வெளியே வந்தது. "தண்ணிக்குள்ள போறதுக்குத்தான் மூச்சை அடக்கணும். மேல இருக்கிறப்ப எதுக்கு அடக்குற?"

இதை நன்றாகக் கேளுங்கள், என்னிடம் சொல்ல இருப்பதே இதுதான். ஃபில் எங்கே அடிப்போம்? வரி முடிகிற இடத்தில். பாடுகிறவர் மூச்சு எங்கே வாங்குவார்? அதே இடத்தில். டிரம்ஸ்காரருக்கோ கடினமான ஃபில் வந்தால் தன்னை அறியாமல் மூச்சு நின்றுவிடும். பாடகி மூச்சு வாங்க வேண்டிய ஒரே இடைவெளியில், டிரம்மர் மூச்சை நிறுத்தி வைக்கிறார். அந்த இரண்டு பேரும் ஒரே ஆள் என்றால் அடுத்த வரிக்குக் காற்று எங்கிருந்து வரும்? தொண்டையைப் பிதுக்கித்தான் வரும். அன்றைய கச்சேரியில் எனக்கு நடந்தது அதுதான்.

அம்மா இன்னொன்றும் சொன்னார். தண்ணீருக்கு மேலே வந்ததும் அவசரப்பட்டு இழுக்கக் கூடாதாம், முதலில் உள்ளே இருப்பதை வெளியே விட்டால் உள்ளே வருவது தானாக வருமாம். இழுத்த மூச்சு நெஞ்சோடு நின்றுவிடும், விட்ட மூச்சுக்குப் பின்னால் வருவது வயிறு வரைக்கும் போகும் என்றார். பாட்டு சொல்லிக்கொடுப்பவர்களும் இதையேதான் வேறு வார்த்தையில் சொல்கிறார்கள். நான் இப்போது பாட்டுத் தாளில் சிவப்புப் பேனாவால் மூச்சுக்கு ஒரு குறி போட்டுவிடுகிறேன். எந்த அடியில் விடுவது, எந்த அடியில் வாங்குவது என்று. அதுவும் ஒரு அடிதான், கிக் மாதிரி, ஸ்நேர் மாதிரி. குறி விழுந்த இடத்தில் கை எளிமையாக இருக்க வேண்டும். நான்கு எண்ணிக்கைக்கு ஓடிய ஃபில்லை இரண்டாகக் குறைத்தேன். சில இடத்தில் ஃபில்லே வேண்டாம், ஒரு கிராஷ் போதும், கிராஷ் விழும்போதே வாய் திறந்து காற்று உள்ளே போய்விடும்.

பெரிய ஃபில் அடித்தே ஆக வேண்டிய பாட்டும் உண்டு. அதற்கு என் பெரியப்பாவிடம் போக வேண்டும். அவர் கரைவலை இழுத்தவர். கயிறு இழுக்கும்போது அம்பா பாடுவார்கள் தெரியுமா? ஒருவர் வரியை எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் ஏலேலோ என்று வாங்கிப் பாடுவார்கள். பலமான இழுப்பு அந்தப் பதிலில்தான் விழும் என்று பெரியப்பா கையை ஆட்டிக் காட்டினார். எடுத்துக் கொடுப்பவருக்கு மூச்சு கிடைப்பதும் அப்போதுதான். நாங்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டோம். நான் ஒரு வரி பாடினால் பேஸ் கிட்டார் அண்ணனும் கீபோர்டு அண்ணனும் பதில் பாடுவார்கள், என் பெரிய ஃபில்லெல்லாம் அந்தப் பதிலுக்குள் போய்விட்டது. எனக்கு இளைப்பாறவும் நேரம் கிடைக்கிறது, பாட்டும் நிறைந்து நிற்கிறது.

தாளமும் பாட்டும் ஒரே ஆள் செய்வது வெளியூர் வித்தை என்று நினைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கோபமே வரும். வில்லுப்பாட்டில் புலவர் வீசுகோலால் வில்லை அடித்துக்கொண்டேதானே பாடுகிறார்? உடுக்கை அடித்துக்கொண்டு விடிய விடியக் கதை பாடுகிறார்களே, அது என்ன? நம்ம ஏர்வாடிப் பக்கம் பக்கீர்கள் தாயிரா என்கிற கைப்பறையைத் தட்டிக்கொண்டே பாடுவதைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன்.

வெளிநாட்டுப் பட்டியலும் பெரியதுதான். தி பேண்ட் குழுவின் லெவோன் ஹெல்ம், ஈகிள்ஸின் டான் ஹென்லி. ஜெனிசிஸ் குழுவில் பாடகர் பீட்டர் கேப்ரியல் 1975ல் விலகிய பிறகு டிரம்மர் பில் காலின்ஸே பாடகர் ஆனார், ஆனால் மேடையில் பாடும்போது முன்னால் நிற்பார், டிரம்ஸில் வேறொருவர் உட்காருவார். என் மனசில் நிற்பவர் கார்ப்பென்டர்ஸ் குழுவின் கேரன் கார்ப்பென்டர். தன்னைப் பாடும் டிரம்மர் என்றே சொல்லிக்கொண்டவர். அவர் குரல் புகழ் அடைந்ததும் பார்ப்பவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று டிரம்ஸை விட்டு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். 1983ல், 32 வயதில் இறந்துபோனார்.

எனக்கும் அந்த நிலை வந்தது. ஒரு விழாக் குழுவில் பெரியவர் ஒருவர், "பாடுற புள்ள ஜனத்துக்குத் தெரியணும்ல, முன்னால வந்து நில்லு தாயி, அதை வேற ஆள் அடிக்கட்டும்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார், எனக்குத் தெரியும். "ஐயா, அடிக்காமப் பாடினா எனக்குப் பாட்டு எங்க இருக்குன்னே தெரியாது" என்றேன். நிஜமாகவே அப்படித்தான். டிரம்ஸை மேடையின் ஓரத்துக்கு, பக்கவாட்டில் திருப்பிப் போட்டுக்கொண்டோம், முகமும் தெரிந்தது, கையும் தெரிந்தது. இப்போது எல்லா ஊரிலும் அப்படியே போடுகிறோம்.

மைக் பற்றிச் சொல்லாமல் விட்டால் சவுண்டு அண்ணன்கள் என்னைத் திட்டுவார்கள். ஷ்யூர் எஸ்எம்58 போன்ற, முன்பக்கச் சத்தத்தை அதிகமாகப் பிடிக்கும் கார்டியாய்டு மைக்குக்கு நேர் பின்பக்கம்தான் காது கேட்காது, அதனால் மைக்கின் வால் உங்கள் சத்தமான கிராஷைப் பார்த்து இருக்கட்டும். இன்னும் குறுகலாகக் கேட்கும் சூப்பர் கார்டியாய்டு என்றால் நேர் பின்னால் கொஞ்சம் கேட்கும், பின்பக்கத்தின் இரண்டு ஓரங்களில்தான் செவிடு. இது தெரியாமல் நான் ஒரு வருஷம் சிம்பலைத்தான் பாடவைத்தேன். நீளக் கை உள்ள பூம் ஸ்டாண்டை இடது தோளுக்குப் பின்னால் நிறுத்தி வளைத்து வாய்க்கு நேராகக் கொண்டுவாருங்கள், ஸ்டிக்கில் படாது. உதடு மைக்கின் வலையைத் தொடுகிற அளவுக்குக் கிட்டே பாடுங்கள். கிராஷை வாய்க்குக் கீழே இறக்குங்கள். ஸ்டூலைக் கொஞ்சம் ஏற்றி, இடுப்பு முழங்காலுக்கு மேலே இருக்கும்படி உட்கார்ந்தால் வயிறு மடங்காது, மூச்சுக்கு இடம் கிடைக்கும். பாட்டு உங்கள் குரலுக்கு உயரமாக இருந்தால், கீபோர்டில் சுருதியை அரைக்கட்டை இறக்கச் சொல்லத் தயங்காதீர்கள்.

காது முக்கியம். சத்தம் கூடினால் நாம் அறியாமலே குரலை உயர்த்துவோம், 1911ல் எத்தியேன் லோம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதிவைத்தது, லோம்பார்ட் விளைவு என்றே பெயர். டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்தவர் தன் குரல் கேட்காமல் கத்தத்தான் செய்வார். அதோடு, 85 டெசிபலில் 8 மணி நேரம் தாங்கும் காது, ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதி நேரம்தான் தாங்கும் என்பது கணக்கு. 100 டெசிபல் என்றால் 15 நிமிடம். ஒரு கச்சேரி மூன்று மணி நேரம் போகிறது! அதனால் காதுக்குள் மாட்டி நம் குரலைக் கேட்கிற இயர் மானிட்டர் இரண்டு காதிலும். ஒன்றைக் கழற்றித் தொங்கவிடுகிற பழக்கம் வேண்டாம், திறந்த காது முழு அடியும் வாங்கும்.

நம்ம கரைக்காரர்களுக்கு மட்டும் ஒரு விஷயம். கடற்கரை மேடையில் மைக்குக்குப் பஞ்சு மாட்டுங்கள், திரும்பி வந்ததும் ஸ்டாண்டு திருகுகளை ஈரத்துணியால் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். உப்புக்காற்றில் பூம் திருகு இறுகிப்போய், மைக்கை வாய்க்குக் கொண்டுவர முடியாமல் ஒரு பாட்டு முழுக்கக் கழுத்தை நீட்டிப் பாடியிருக்கிறேன்.

ரயில் வருகிறது, இருங்கள்.

ம், போய்விட்டது. அடித்துப் பழகும் பேட் கொண்டுவந்திருக்கிறேன், ஒரு அம்பா மெட்டை மெதுவாக வாசித்துக்கொண்டே பாடுகிறேன், வேகம் 72தான். கையைப் பார்க்காதீர்கள், காதை மட்டும் கொடுங்கள். மூன்றாவது வரிக்கு முன்னால் வலது கை ஒரு அடியை விட்டுவிடும். தவறவிட்டது இல்லை. அங்கேதான் மூச்சு வாங்குகிறேன்.