வயலோரக் குட்டையும் பூஞ்சைக்கொல்லியும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். கோலார்த் தக்காளியும் சிக்கபள்ளாப்பூர்த் திராட்சையும் வாங்கி உண்ணும் பெங்களூர்த் தமிழர்களாகிய நாம், அப்பயிர்களுக்கு அடிக்கும் பூஞ்சைக்கொல்லி மருந்து வயலோரக் குட்டையில் வாழும் தவளைகளை என்ன செய்கிறது என்பதை அறிந்தாக வேண்டும்.

தவளை முட்டைக்கு ஓடு கிடையாது. கூழ்ப்படலம் ஒன்றே காப்பு. தலைப்பிரட்டை தவளையாகும் நாட்களில் முன்கால்கள் தோலைத் துளைத்து வெளிவருகின்றன, வால் கரைந்து உடலோடு சேர்கிறது, நீண்ட குடல் பூச்சி தின்பதற்கேற்பக் குறுகுகிறது, செவுள் மறைந்து நுரையீரல் பொறுப்பேற்கிறது. இத்தனையையும் முடுக்கிவிடுவது தைராய்டுச் சுரப்பு. குடர்னாட்ச் என்ற அறிஞர் விலங்குகளின் தைராய்டைத் தலைப்பிரட்டைகளுக்கு ஊட்டி, அவை காலத்துக்கு முன்பே உருமாறியதை 1912இல் வெளியிட்டார். தக்காளிக் கருகல் நோய்க்கு அடிக்கும் மாங்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லி சிதையும்போது உண்டாகும் எத்திலீன் தயோயூரியா, அந்தச் சுரப்பை ஆக்கும் நொதியையே தடுக்கக்கூடியது; சுரப்பு குறைந்தால் உருமாற்றம் தள்ளிப்போகும். ஏரியில் வளரும் தலைப்பிரட்டைக்குச் சில நாள் தாமதம் பெரிதல்ல. மழைக்குட்டையிலோ கால் முளைக்கும் முன்பே நீர் வற்றிவிடும். 2020இல் ராஜனகுண்டே அருகே கண்டறிந்து பெயரிடப்பட்ட, மண்ணில் புதைந்து வாழும் பெங்களூருத் தவளையின் இனத்தாருக்கு அத்தகைய தற்காலிக நீரே தொட்டில். மாங்கோசெப்புக்கான அனுமதியை ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் புதுப்பிக்க மறுத்தது; இங்கே அது இன்றும் கடைச்சரக்கு.

பூஞ்சைக்கொல்லிகளில் இன்னொரு வகையான ஸ்ட்ரோபிலுரின் மருந்துகள், உயிரணுவுக்கு ஆற்றல் ஆக்கித்தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவில் பூஞ்சையின் மூச்சை அடைப்பவை. மைட்டோகாண்ட்ரியா தவளைக்கும் உண்டு. 2013இல் வெளியான ஜெர்மானிய ஆய்வொன்றில், அவ்வகையைச் சேர்ந்த பைராக்ளோஸ்ட்ரோபின் தயாரிப்பு ஒன்றைப் பரிந்துரைத்த அளவிலேயே தெளித்தபோது, இளந்தவளைகள் அனைத்தும் ஒரு மணி நேரத்துக்குள் மாண்டன. மருந்தைக் கரைக்கச் சேர்க்கும் நாஃப்தா என்ற பெட்ரோலியக் கரைப்பான் குறைவாக இருந்த மற்றொரு தயாரிப்பில் சாவு வெகுவாகக் குறைந்தது. ஆகவே மருந்தை மட்டும் சோதித்துவிட்டு, அதனோடு கலக்கும் கரைப்பானை விட்டுவிடுவது எனக்குச் சற்றும் ஏற்புடையதன்று.

விவசாயியைக் குறை சொல்ல நான் இங்கே நிற்கவில்லை. கர்நாடகத்தின் மலைப்பகுதியான மலநாட்டில் பாக்குக்காய் அழுகாமலிருக்க, மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையைப் பருவமழையை ஒட்டி அடித்தே தீர வேண்டும். தவளைகள் முட்டையிடுவதும் அப்பருவத்தில்தான். தெளிப்பான் கழுவிய நீரைக் குட்டையில் கொட்டாமலிருப்பதும், குட்டையைச் சுற்றிச் சில அடி தூரம் மருந்தின்றி விடுவதும் அவரால் இயலும். மீனுக்கு எவ்வளவு நஞ்சு என்று பார்த்தே தவளைக்கும் கணக்கிடும் வழக்கத்தைக் கைவிட்டு, தலைப்பிரட்டை உருமாறி முடியும்வரை சோதித்த பிறகே ஒரு மருந்துக்கு உரிமம் தருவது அரசின் வேலை. அதைத்தான் நாம் எழுத்து மூலம் கேட்க வேண்டும்.