கொல்லைக்கு வீட்டார் கைதான் வேண்டும்

நடுவர் அவர்களே, எதிரணியில் பேசி அமர்ந்திருக்கும் ஐயா அவர்களே, அக்கா அவர்களே, கோயில் திடலில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பேராவூரணி வட்டாரத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, பிள்ளைகளே, எல்லோருக்கும் என் பொங்கல் வணக்கம்.

"கிராமத்து வீட்டுத் தோட்டம் செழிப்பது குடும்பத்தார் உழைப்பாலா, கூலி ஆள் உழைப்பாலா?" என்பது தலைப்பு. நான் குடும்பத்தார் பக்கம் பேச வந்திருக்கிறேன்.

எதிரணி ஐயா என்ன சொன்னார்? வீட்டில் ஆளுக்கொரு வேலை இருக்கிறது, பிள்ளைகளுக்குப் படிப்பு இருக்கிறது, பெரியவர்களுக்கு முட்டி வலி இருக்கிறது. மாதத்துக்கு ஒரு தடவை இரண்டு ஆளை விட்டால் ஒரே நாளில் கொல்லை முழுக்கச் சுத்தமாகிவிடும், கூலியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்றார். அக்கா இன்னொன்று சொன்னார். "குடும்ப வேலை, குடும்ப வேலை என்பீர்கள். கடைசியில் அது வீட்டுப் பெண் தலையில்தான் விடியும்" என்றார். அக்காவுக்குக் கடைசியில் பதில் சொல்கிறேன். இன்றைக்கு எதிரணி பேசியதிலேயே கனமான பேச்சு அதுதான். அதை அவசரத்தில் தாண்டிப்போக எனக்கு மனசில்லை.

முதலில் ஐயாவுக்கு. கூலி ஆளுக்கு ஒரு நேரம் உண்டு. காலையில் எட்டு மணிக்கு வருவார், மதியம் கைகால் கழுவிக்கொண்டு கிளம்புவார். அது நியாயம். அவருக்கும் வீடு இருக்கிறது, அவருக்கும் ஒரு கொல்லை இருக்கிறது. ஆனால் தோட்டம் அந்த நேரத்துக்கு ஒத்துப்போகாதே ஐயா! தோட்டத்துக்கு ஆள் வேண்டிய நேரம் விடிகாலையும் பொழுது சாயும் நேரமும்தான்.

பீர்க்கங்கொடியை எடுத்துக்கொள்ளுங்கள். பீர்க்கம்பூ சாயங்காலம்தான் விரியும். சுரைப்பூவும் அப்படித்தான், வெள்ளை வெளேரென்று பொழுது சாய்கிற நேரத்தில் பூக்கும். பூசணியோ விடிகாலையில் மலர்ந்து வெயில் ஏறினால் சுருண்டுவிடும். இந்தக் கொடிகளில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவுக்கு அடியில் விரல் கனத்தில் ஒரு குட்டிக் காய் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆண் பூவுக்கு வெறும் காம்புதான். வண்டும் தேனீயும் போதுமான அளவு வராவிட்டால் அந்தப் பிஞ்சு மஞ்சளாகி, வதங்கி, கீழே விழும். "பூ நிறைய பூக்குது, காயே நிக்க மாட்டேங்குது" என்று நம் வீடுகளில் புலம்புகிறோமே, பாதி நேரம் காரணம் இதுதான். அதற்கு மருந்து ஒன்றும் கடையில் வாங்க வேண்டாம். ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழைப் பிய்த்துவிட்டு, நடுவில் இருக்கும் மகரந்தத் தண்டைப் பெண் பூவின் நடுவில் மெல்ல ஒற்றி எடுத்தால் போதும். பத்து வயதுப் பிள்ளை செய்துவிடும். பள்ளிக்கூடம் விட்டு வந்து, பையை வைத்துவிட்டு, பால் குடித்துவிட்டு, கொல்லைப்பக்கம் போய்ச் செய்துவிடும். இந்த வேலைக்கு எந்த ஊரில் ஐயா சாயங்காலம் ஆறு மணிக்குக் கூலிக்கு ஆள் கிடைக்கும்?

அவரைப் பந்தலுக்கு வாருங்கள். ஆடிப்பட்டம் தேடி விதைத்த அவரை இன்றைக்கு, இந்தத் தையில், உங்கள் வீட்டுப் பந்தலில் கொத்துக் கொத்தாகக் காய்த்துக் கிடக்கும். நாட்டு அவரை பகல் குறைந்தால்தான் பூவெடுக்கும். அதனால்தான் கார்த்திகை, மார்கழியில் அதற்கு வேகம். அந்த நேரத்தில்தான் சாறு உறிஞ்சுகிற அசுவினிப் பூச்சியும் வரும். இளங்கொழுந்தில், பூங்காம்பில், கறுப்பாக மொய்க்கும். நம் பாட்டிமார் என்ன செய்தார்கள்? விறகு அடுப்புச் சாம்பலைச் சலித்து, விடிகாலையில் இலையில் பனி ஈரம் இருக்கும்போதே தூவினார்கள். ஈரம் இருந்தால் ஒட்டும். எட்டு மணிக்கு மேல் தூவினால் உதிர்ந்துபோகும். நேரம் தவறினால் அதே சாம்பல், அதே கை, ஆனால் பலன் இல்லை. இது அறிவு சம்பந்தப்பட்ட விஷயம்கூட இல்லை, நடுவர் அவர்களே. அந்த நேரத்தில் அங்கே இருப்பது யார் என்பதுதான் விஷயம். அந்த வீட்டில் படுத்து எழுந்தவர்தான் அங்கே இருக்க முடியும்.

முருங்கையில் கம்பளிப்பூச்சி வருவதும் இதே கதைதான். மழைக்காலத்தில் பகலில் அடிமரத்தில் சாக்குப் பை போர்த்தியது மாதிரி கும்பலாக ஒட்டிக்கிடக்கும். கண்ட அன்றைக்கே பந்தம் கொளுத்திக் காட்டிவிட்டால் முடிந்தது. நாலு நாள் விட்டால் மரம் மொட்டை, அப்புறம் சுவர், கூரை, துணிக்கொடி வரைக்கும் வந்துவிடும். மாதம் ஒரு தடவை வருகிற ஆள் என்ன செய்வார்? வீட்டுக்காரரே பொறுக்கமாட்டாமல் "வெட்டிப் போட்ருங்கப்பா" என்பார், அவரும் வெட்டிப் போடுவார். எத்தனை வீடுகளில் காய்க்கிற முருங்கை இப்படிப் போயிருக்கிறது!

அடுத்து, ஐயா "சுத்தம்" என்று அழுத்திச் சொன்னாரே, அந்தச் சுத்தத்தைப் பார்ப்போம். தோட்டத்தைச் சுத்தம் பண்ணு என்று கூலி பேசிவிட்டால், அவருக்குத் தரை தெரிய வேண்டும், நமக்கும் தரை தெரிய வேண்டும். கிணற்றடியில் தானாக முளைத்த மணத்தக்காளி போகும். வாய்க்கால் ஓரத்துக் கீழாநெல்லி போகும். மூக்கிரட்டை, குப்பைக்கீரை, பண்ணைக்கீரை எல்லாம் ஒரே வெட்டில் போகும். அந்த வேலையாளுக்கு இந்தக் கீரைகள் தெரியாது என்று நான் சொல்லவே மாட்டேன். நம்மைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் நாம் அவரிடம் கேட்டது கீரையை இல்லை, வெறும் தரையை. அப்புறம் கூட்டிய சருகை மூலையில் குவித்துத் தீ வைப்பார்கள். மண்ணுக்குப் போக வேண்டிய உரம் புகையாகப் பக்கத்து வீட்டுக்குப் போகும்.

இப்போது அதைவிடச் சுருக்கு வழி வந்துவிட்டது. ஆள் கூலியும் அதிகம் என்று களைக்கொல்லி அடிக்கச் சொல்கிறார்கள். கிளைபோசேட் என்கிற களைக்கொல்லி மருந்தைப் பயிற்சி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர்கள் மட்டுமே அடிக்க வேண்டும் என்று 2022-இல் மத்திய அரசே கட்டுப்பாடு போட்டது. அப்படிப்பட்ட மருந்தை, கோழி மேய்கிற இடத்தில், குழந்தை வெறுங்காலோடு ஓடுகிற இடத்தில், முகத்தில் ஒரு துண்டைக்கூடக் கட்டாமல் ஒருவரை அடிக்கச் சொல்லிவிட்டு நாம் திண்ணையில் உட்கார்ந்திருப்பது எனக்கு வலிக்கிறது. நம் கையால் பிடுங்கியிருந்தால் எந்தச் செடியை விடுவது என்று நமக்குத் தெரிந்திருக்கும்.

தென்னையைப் பற்றிப் பேசாமல் இந்த வட்டாரத்தில் தோட்டத்தைப் பற்றிப் பேச முடியாது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரை ஏறியதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். லட்சக்கணக்கில் தென்னை சாய்ந்தது. கொல்லையில் நின்ற மரம் கூரைமேல் கிடந்தது. மின்சாரம் வர எத்தனையோ ஊர்களில் வாரக்கணக்கானது. அன்றைக்கு மரம் அறுக்கிற மெஷினுக்கும் ஆளுக்கும் எவ்வளவு பேர் அலைந்தோம்! பணம் வைத்திருந்தவருக்கும் ஆள் கிடைக்கவில்லை, ஏனென்றால் வேலைக்கு வரவேண்டியவர் வீட்டு மேலும் மரம் கிடந்தது. அப்போது கொல்லையைத் திறந்துவிட்டது யார்? வீட்டுப் பையன்கள் அரிவாளோடு மட்டையைக் கழித்தார்கள், பெண்கள் ஓலையை இழுத்துப் போட்டார்கள், பெரியவர்கள் உட்கார்ந்த இடத்தில் கீற்று முடைந்து கொடுத்தார்கள், அந்தக் கீற்றுதான் அன்றைக்கு ராத்திரிக்குக் கூரை.

அதற்கு அப்புறம் எல்லோரும் கன்று வைத்தோம். "நண்டோட நெல்லு, வண்டியோட வாழை, தேரோட தென்னை" என்று இடைவெளி பார்த்து, 25 அடிக்கு ஒன்று, 3 அடி ஆழக் குழி. குழி எடுத்தது பெரும்பாலும் கூலி ஆட்கள்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் குழி எடுப்பது ஒரு நாள் வேலை. நெட்டைக் கன்று காய்ப்புக்கு வர 6, 7 வருஷம். அந்த வருஷங்களில் விழுந்த மரமெல்லாம் மக்கிக் கிடந்ததால் காண்டாமிருக வண்டுக்குக் கொண்டாட்டம். மக்கிய தடியிலும் எருக்குழியிலும்தான் அது முட்டை வைக்கும். வளர்ந்த வண்டு ராத்திரி வந்து குருத்தைக் குடையும். விரிகிற ஓலையில் கத்தரிக்கோலால் விசிறி வடிவத்தில் வெட்டியது போலத் தெரிந்தால் வண்டு வந்துபோய்விட்டது என்று அர்த்தம். அதற்குமுன்பே குருத்தடியில் நார் சக்கை துருத்திக்கொண்டு நிற்கும். அதைக் கண்டவுடன் கம்பிக்கொக்கியை விட்டு வண்டை எடுக்க வேண்டும். வளர்ந்த மரமென்றால் வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கும் மணல் இரண்டு பங்கும் கலந்து, மரத்துக்கு 150 கிராம், உள் மூன்று மட்டையின் இடுக்கில் போட வேண்டும். எருக்குழியைக் கிளறும்போது வெள்ளையாய்க் கொழுத்த புழு வந்தால் பொறுக்கிக் கோழிக்குப் போட வேண்டும். இந்தப் பொறுக்குகிற வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுப்பாருங்கள், எண்ணிக்கை போட்டி வைத்துக்கொண்டு செய்யும்! இன்றைக்கு இந்த ஊரில் காய்த்து நிற்கிற இளந்தென்னைகளைப் போய்ப் பாருங்கள். தினமும் காலையில் பல் தேய்த்துக்கொண்டே யாரோ ஒருவர் குருத்தை நிமிர்ந்து பார்த்த வீடுகளில்தான் அவை நிற்கின்றன.

மரம் ஏறுவது வேறு. உயர்ந்த தென்னையில் ஏறக் கற்றவர்தான் ஏற வேண்டும். கிணறு தூர் வாருவதும் அப்படியே. அதற்கெல்லாம் ஆளைக் கூப்பிடுங்கள், கேட்ட கூலியைக் கொடுங்கள், சாப்பாடும் போடுங்கள். எங்கள் அணி கூலி ஆளுக்கு எதிரான அணி இல்லை.

பிள்ளைகளை வேலை வாங்குவது சட்டப்படி சரியா என்று ஐயா ஒரு கேள்வியைப் போட்டார். நல்ல கேள்வி. 2016-இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம், பள்ளி நேரம் போக, விடுமுறையில், ஆபத்தில்லாத வேலையில் பிள்ளை தன் குடும்பத்துக்கு உதவுவதை அனுமதிக்கிறது. அந்த எல்லையை நாங்களும் மதிக்கிறோம். மருந்து டப்பாவைப் பிள்ளை தொடக்கூடாது, புல் வெட்டும் மெஷின் பக்கம் போகக்கூடாது, படிப்பு நேரத்தில் கொல்லைக்குக் கூப்பிடக்கூடாது. நான் கேட்பது சின்ன வேலை. பிஞ்சுப் புடலங்காய் சுருண்டு போகாமல் நீளமாக இறங்க அதன் நுனியில் நூலால் ஒரு சிறு கல்லைக் கட்டுவார்களே, அந்த வேலை. கல் பெரிதாக இருந்தால் காய் அறுந்துவிடும், சிறிதாக இருந்தால் காய் வளையும். எந்தக் கல் என்று தேடி, கையில் வைத்து எடை பார்த்து, ஒரு பிள்ளை கட்டிவிட்டுத் தினமும் போய் எட்டிப்பார்க்கிறதே, அதற்கு எந்த டியூஷன் ஈடு?

பெரியவர்களுக்கு முட்டி வலி. சரி, குனிய வேண்டாம். எந்தக் காயை விதைக்கு விடுவது என்று காட்டுவதற்கு முட்டி எதற்கு? முதல் காயை விட்டுவிட்டு, நல்ல வாட்டமான காயைக் கொடியிலேயே முற்றவிட்டு, பீர்க்கங்காயைக் கூடோடு காயவைத்து, பூசணி விதையைச் சாணத்தில் பொதித்துச் சுவரில் தட்டிவைத்து, அவரை விதையைச் சாம்பலில் புரட்டிப் பானையில் போட்டு அடுத்த ஆடிக்கு எடுத்துத் தந்தவர்கள் அவர்கள்தான். அந்தக் கை ஓய்ந்துபோனால் நாம் பாக்கெட் விதைக்கு வரிசையில் நிற்கிறோம். பாக்கெட்டில் வருகிற வீரிய ஒட்டு விதையில் காய்த்த காயை விதைக்கு எடுத்தால் மறு வருஷம் அதே காய் வராது. அப்புறம் வருஷா வருஷம் கடைதான்.

இப்போது அக்காவுக்கு வருகிறேன். அக்கா, நீங்கள் சொன்னது உண்மை. பாத்திரம் கழுவின தண்ணீரை வாழைக்குத் திருப்பிவிடுவது அம்மா. கோழியைத் துரத்துவது அம்மா. கத்தரிக்குத் தண்ணீர் ஊற்றுவது அம்மா. வெளியூரிலிருந்து வந்த சொந்தக்காரரிடம் "நம்ம தோட்டத்துக் காய்" என்று மார்தட்டுவது மட்டும் அப்பா. அப்படி நடக்கிற வீட்டில் நடப்பது குடும்ப உழைப்பே இல்லை, ஓர் ஆளின் கூலியில்லா உழைப்பு. அது எங்கள் அணியின் வாதத்துக்கு எதிரானது, உங்கள் அணியின் வாதத்துக்கும் எதிரானது. ஏனென்றால் ஆள் விட்டாலும் அந்த ஆளுக்குக் காபி போட்டு, சோறாக்கி, பின்னாலேயே நின்று வேலை காட்டுவதும் அதே அம்மாதானே!

அதனால், நடுவர் அவர்களே, தீர்ப்பை எங்கள் பக்கம் சொல்லுங்கள், ஆனால் ஒரு நிபந்தனையோடு சொல்லுங்கள். இந்தத் திடலில் உட்கார்ந்திருக்கும் ஆண்கள், கல்யாணமான பையன்கள் உட்பட, நாளைக் காலையிலிருந்து தண்ணீர் ஊற்றுகிற முறையைத் தங்கள் பெயரில் எழுதிக்கொள்ள வேண்டும். எருக்குழி கிளறுவது அவர்கள் கணக்கு. பந்தலுக்குக் கால் நடுவது, கம்பளிப்பூச்சிக்குப் பந்தம் பிடிப்பது அவர்கள் கணக்கு. அதற்கு ஒத்துக்கொள்ளாத வீட்டுக்கு எங்கள் அணி வாதாடத் தயாராக இல்லை, அந்த வீட்டுத் தீர்ப்பை அக்காவே எடுத்துக்கொள்ளட்டும். மற்ற எல்லா வீட்டுக்கும் தீர்ப்பு எங்களுக்கே வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.