ஆண்டுக்குக் கீழே ஒரு புள்ளி

வணக்கம் மக்களே. மேஜையில் கொட்டிக் கிடப்பதைப் பார்த்து உண்டியலை உடைத்துவிட்டான் என்று நினைக்காதீர்கள். மூன்று மாதமாகச் சட்டைப்பையில் சேர்ந்த சில்லறை. இப்போது டீக்கடையில்கூட ஃபோனை நீட்டிவிட்டுப் போகிறோம், காசு கைக்கு வருவதே அபூர்வம். அதனால் நான் வேண்டுமென்றே நோட்டு கொடுத்து மீதி வாங்குகிறேன். அப்போது கடைக்காரர் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதையும் ஒருநாள் படம் பிடிக்க வேண்டும்.

எனக்கு ஒரே விதிதான். ஐந்து ரூபாய்க் காசுக்கு ஐந்து ரூபாய்க்கு மேல் கொடுக்க மாட்டேன். தானாகக் கைக்கு வந்தால்தான் சேகரிப்பு.

சரி, இந்த ஒரு ரூபாயைப் பாருங்கள். இருங்கள், ஃபோகஸ் ஆகவில்லை... ம், இப்போது தெரிகிறது. 2009 என்று இருக்கிறதா? அதற்குக் கீழே பொடியாக ஒரு நட்சத்திரம். இது ஹைதராபாத்தில் பிறந்த காசு. நம் நாட்டில் காசு அடிக்கும் ஆலைகள் நான்கு. மும்பை என்றால் வைர வடிவம், நொய்டா என்றால் உருண்டைப் புள்ளி. கொல்கத்தா மட்டும் அடையாளமே போடாது. ஊருக்கே தெரிந்த பெரிய வீட்டில் பெயர்ப்பலகை எதற்கு என்கிற மாதிரி! புதிதில் எனக்கு இது தெரியாது. ஒன்றுமே இல்லாத காசைப் பார்த்து, அச்சில் பிழை, இனி நான் லட்சாதிபதி என்று அரை நாள் குதித்துக்கொண்டிருந்தேன்.

லட்சம் என்றதும் ஞாபகம் வருகிறது. வைஷ்ணவ தேவி படம் போட்ட காசுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம் என்று செய்தி வந்தால் நம்பாதீர்கள். அடுத்து கமிஷன் கட்டு, வரி கட்டு என்பார்கள். ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் தன் பெயரைச் சொல்லி நடக்கும் இந்த மாதிரி வேலைகளைப் பற்றி எச்சரித்தது.

இப்போது ஒரு வேடிக்கை. இந்த இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைக்கிறேன். விளிம்பு சரியாகப் பொருந்துகிறதா? கீழே இருப்பது கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் பழைய ஒரு ரூபாய். மேலே இருப்பது 2011க்கு அப்புறம் வந்த, ₹ குறி போட்ட இரண்டு ரூபாய். இரண்டும் 25 மில்லிமீட்டர், இரண்டும் எவர்சில்வர். இருட்டில் பஸ் நடத்துநர் என்ன செய்வார், பாவம்.

பத்து ரூபாய்க் காசு செல்லாது என்று ஒரு வதந்தி சுற்றியதே, நினைவிருக்கிறதா? அப்போது எனக்குத் தீபாவளிதான். வேண்டாம் என்றவர்களிடமெல்லாம் நோட்டைக் கொடுத்து மாற்றிக்கொண்டேன். 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி, 14 வடிவங்கள் வந்திருக்கின்றன, எல்லாமே செல்லும் என்று சொன்னது. எனக்கு அது தேட வேண்டிய பட்டியலாகிவிட்டது. அதில் ஒன்றை நானே கெடுத்தேன், அது வேறு கதை. பித்தளைச் சொம்பு மாதிரி மஞ்சள் வளையத்தைப் புளி போட்டுத் தேய்த்தேன். பளபளத்தது, நாலு நாளில் திட்டுத்திட்டாகக் கறுத்தது. காசைத் தேய்க்கவே கூடாது. அழுக்கு இருந்தால் இருக்கட்டும்.

காசு வைக்கும் இந்தத் தட்டில் என் மனசுக்குப் பிடித்த வரிசை இதுதான். காமராஜர் நூற்றாண்டு ஐந்து ரூபாய். தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு 2010இல் வந்த ஐந்து ரூபாய். நடுவில் ஒரு குழி காலியாக இருக்கிறது பாருங்கள், அது அண்ணாவுக்கு. 2009இல் அவர் நூற்றாண்டுக்கு வந்த ஐந்து ரூபாயில் அவருடைய தமிழ்க் கையெழுத்தே இருக்கும். அது என்னிடம் இருந்தது. ஒருநாள் அவசரத்தில் பஸ் டிக்கெட்டுக்குக் கொடுத்துவிட்டேன். இறங்கின பிறகுதான் உறைத்தது. பஸ் போய்விட்டது.

கடைசிக் குழி வள்ளுவருக்கு. 1995இல் தஞ்சாவூரில் எட்டாவது உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது அடித்தது. ஒன்று, இரண்டு, ஐந்து என மூன்றிலும் உண்டு. விலைக்குக் கிடைக்கிறது, ஆனால் விதி விதிதான்.

இந்தக் குவியலில் பாதி இன்னும் பார்க்கவில்லை. இது... 1998, வைரம், மும்பை. இருக்கிறது. இது 2010, இருங்கள், பின்பக்கம் திருப்புகிறேன்... இல்லை, காமன்வெல்த் விளையாட்டு. அடுத்தது.