தலைக்கு எண்ணெய் வைக்காமல் வாருங்கள்

வணக்கம். வானொலியில் பேச அழைத்ததற்கு நன்றி. நான் ஒரு பல்கலைக்கழகத்தின் நரம்பியல் ஆய்வகத்தில் ஆராய்ச்சி உதவியாளராக இருக்கிறேன். வீடு வட சென்னையில் தண்டையார்பேட்டை. ஆய்வகம் நகரத்தின் அந்தக் கோடியில் இருக்கிறது. மூளை ஆராய்ச்சி என்றதும் ஜாடியில் மிதக்கும் மூளைதான் பலருக்கு நினைவு வரும். எங்கள் அறைக்கு வந்தால் ஒரு நாற்காலி, ஒரு கணினி, வயர்கள் தொங்கும் ஒரு துணித் தொப்பி, மூலையில் வாஷ்பேசின், ஷாம்பு, துண்டு இவ்வளவுதான் பார்ப்பீர்கள். அந்த ஷாம்புவில் இருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் என் வேலையில் பாதி அங்கேதான் நடக்கிறது.

நாங்கள் செய்வது இ.இ.ஜி. பதிவு, அதாவது மூளையின் மின்சாரத்தைத் தலைக்கு வெளியிலிருந்தே பதிவு செய்வது. மூளையின் நரம்பு செல்கள் ஒன்றோடொன்று பேசும்போது மிகச் சிறிய மின் மாற்றம் உண்டாகிறது. லட்சக்கணக்கான செல்கள் ஒரே நேரத்தில் அப்படிச் செய்யும்போது அதன் சாயல் மண்டை ஓட்டையும் தோலையும் தாண்டி வெளியே வரை வருகிறது. ஜெர்மனியில் ஜெனா நகரத்தில் ஹான்ஸ் பெர்கர் என்ற மனநல மருத்துவர் 1924-ல் முதன்முதலாக மனிதத் தலையிலிருந்து இதைப் பதிவு செய்தார். தன் மகன் தலையிலேயே பலமுறை பதிவு செய்திருக்கிறார். 1929-ல்தான் வெளியிட்டார், அப்போதும் பலர் நம்பவில்லை. 1934-ல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியன் என்ற உடலியல் விஞ்ஞானி அதையே செய்து காட்டிய பிறகுதான் உலகம் ஏற்றுக்கொண்டது.

ஏன் நம்பவில்லை என்றால், அந்த மின்சாரம் அவ்வளவு சிறியது. வீட்டில் டார்ச்சுக்குப் போடும் பென்சில் பேட்டரி ஒன்றரை வோல்ட். தலையில் கிடைப்பது சுமாராக அதில் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு. அதைப் பிடிக்க வேண்டுமென்றால் தோலுக்கும், தொப்பியில் மின்சாரத்தைப் பிடிக்கும் எலெக்ட்ரோடு என்ற சின்ன வில்லைக்கும் நடுவில் எதுவும் தடுக்கக் கூடாது. நம் ஊரில் என்ன தடுக்கும்? தேங்காய் எண்ணெய்தான். வெளிநாட்டிலிருந்து வரும் கருவியின் கையேட்டில் இதற்கென்று ஒரு வரி கூட இருக்காது. காலையில் எழுந்ததும் எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டுதான் வெளியே கிளம்புவோம், அதிலும் பெரிய இடத்துக்குப் போகிறோம் என்றால் இன்னும் கொஞ்சம் கூட வைப்போம். அதனால் போனில் முதல் நாளே சொல்லிவிடுவேன்: எண்ணெய் வேண்டாம், பூ வேண்டாம், தலைக்குக் குளித்துவிட்டு வாங்க. அப்படியும் எண்ணெயோடு வந்தால் நானே தலையைக் கழுவிவிடுவேன். ஒருவர் தலையைக் கழுவிவிடும்போது அவர் நம்மிடம் பேச ஆரம்பித்துவிடுவார். அந்தப் பேச்சு எனக்கு முக்கியம். பயந்த மனிதர் பல்லைக் கடிப்பார், தோளை இறுக்குவார். தசையின் மின்சாரம் மூளையின் மின்சாரத்தைவிடப் பெரியது. தாடை இறுகினால் திரையில் தாடைதான் தெரியும், மூளை தெரியாது.

அப்புறம் வியர்வை. மே மாதம் மதியத்தில் தண்டையார்பேட்டையிலிருந்து பஸ்ஸும் ரயிலும் மாறி வருகிறவரை உடனே உட்கார வைத்தால், கோடுகள் எல்லாம் மெதுவாக மேலும் கீழும் அலைய ஆரம்பித்துவிடும். அது தோல் வியர்ப்பது. எனவே முதலில் மோர் கொடுத்து, கொஞ்ச நேரம் குளிர்ந்த அறையில் உட்கார வைப்பேன். பக்கத்து அறையின் ட்யூப்லைட், சார்ஜர் இவையும் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 முறை அலையும் மின்சாரத்தை உள்ளே கலந்துவிடும், அவற்றையும் தேடி அணைக்க வேண்டும். இதெல்லாம் ஆய்வுக்கட்டுரையில் ஒரு வரி வரும். அந்த ஒரு வரிதான் என் முழு நாள்.

இப்போது காசிமேட்டு ஆயா ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயதானவர்களின் கவனம் பற்றிய ஒரு ஆய்வுக்கு வந்தார். விடியற்காலையில் கடற்கரையில் மீன் எடுத்து, எங்கள் பக்கத்துத் தெருக்களில் கூடையில் விற்றவர். கூட வந்த மகளுக்கு ஒரே பயம். "மண்டையில வயரு மாட்டுறாங்கன்னா கீழ்ப்பாக்கம்னு சொல்லுவாங்களே" என்றார். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1794-ல் தொடங்கியது, எத்தனையோ குடும்பங்களுக்கு உதவியிருக்கிறது. அதன் பெயரை நாம் வசவாக்கி வைத்திருப்பது எனக்கு எப்போதும் வருத்தம். அந்த வசவால்தான் உதவி தேவைப்படுகிறவர்களும் வாசல் வரை வந்து திரும்பிப் போகிறார்கள்.

ஆயாவின் கேள்வி வேறு. "இன்னா கண்ணு, கரண்டு வெச்சுடுவியா?" மின்சாரம் தோலிலிருந்து எலெக்ட்ரோடுக்கு வருவதற்காக ஜெல் போடுவோம், அதற்கு முனை மழுங்கிய ஊசி ஒன்று வைத்திருப்போம், அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார். அந்த ஊசியை முதலில் என் உள்ளங்கையில் அழுத்திக் காட்டினேன், பிறகு அவர் கையில் கொடுத்தேன். கரண்ட் உள்ளே போகாது ஆயா, உங்க கிட்ட இருந்து வருவதைத்தான் இது எழுதிக்கொள்கிறது என்றேன். உடனே அடுத்த கேள்வி: "அப்ப நான் மனசுல நினைக்கிறது உனக்குத் தெரிஞ்சிடுமா?" இதை நேயர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், இந்தச் சந்தேகம் எல்லாருக்கும் உண்டு. தெரியாது. நீங்கள் விழித்திருக்கிறீர்களா, தூக்கம் வருகிறதா, ஒரு சத்தத்தைக் கவனித்தீர்களா என்பது தெரியும். யாரை நினைத்தீர்கள், யார் மேல் கோபம் என்பதெல்லாம் தெரியாது.

தொப்பி மாட்டி முடிந்ததும் திரையை அவர் பக்கம் திருப்பினேன். கண்ணைச் சிமிட்டுங்க என்றேன். திரையில் கோட்டில் ஒரு பெரிய மேடு எழுந்தது. திரும்பவும் சிமிட்டினார், திரும்பவும் எழுந்தது. கண்ணை மூடிச் சும்மா இருங்க என்றேன். தலையின் பின்பக்க எலெக்ட்ரோடுகளில் ஒரு சீரான அலை வர ஆரம்பித்தது, நொடிக்குப் பத்து முறை அளவில். ஆல்ஃபா அலை என்று சொல்வோம், பெர்கர் கவனித்ததும் இதைத்தான். கண்ணைத் திறந்தால் அலை அடங்கிவிடும். அவர் கண் மூடியிருக்கும்போது மகள்தான் பார்த்தார். "அம்மா, இப்ப வருது, இப்ப வருது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அதோடு அந்த அறையில் பயம் போய்விட்டது. அன்று கிடைத்த பதிவு எங்கள் நல்ல பதிவுகளில் ஒன்று.

அந்தச் சோதனையையும் சொல்லிவிடுகிறேன், படம் இல்லாமலே புரியும். காதில் ஒரே மாதிரி சத்தம் வந்துகொண்டே இருக்கும், எப்போதாவது ஒன்று வேறு மாதிரி வரும். அது வந்ததும் பொத்தானை அழுத்த வேண்டும். அந்த வேறு சத்தம் வந்து சுமாராக ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு நேரத்தில் மூளைப் பதிவின் கோட்டில் ஒரு மேடு எழும். 1965-லேயே கண்டுபிடித்தது இது. வயது ஏற ஏற அந்த மேடு கொஞ்சம் தாமதமாக வரும். ஒருமுறை கேட்டால் மற்ற மின்சாரங்களின் இரைச்சலில் அது கண்ணுக்கே தெரியாது. நூறு முறை கேட்டுச் சராசரி எடுத்தால் இரைச்சல் பத்தில் ஒரு பங்காகிவிடும், மேடு நிற்கும். எனவே அவர் நூறு முறையும் அலுக்காமல் உட்கார வேண்டும். மறுபடியும் அதே இடத்துக்குத்தான் வருகிறேன்: உட்காருகிறவர் நிம்மதியாக இருந்தால்தான் விஞ்ஞானம்.

அன்றைக்கு நடந்த இன்னொன்று. நினைவாற்றல் கேள்வித்தாளில் 100-லிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார்கள். ஆயா பதில் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் போனதில்லை, விட்டுடு என்றுவிட்டார். பதிவெல்லாம் முடிந்து ஜெல்லைக் கழுவும்போது வியாபாரம் பற்றிப் பேச்சு வந்தது. நூறு ரூபாய் கையில் இருந்து ஐசுக்கு ஏழு ஏழாகப் போனால் எப்படி என்று கேட்டேன். தொண்ணூத்தி மூணு, எம்பத்தாறு, எழுபத்தொம்பது என்று நிற்காமல் சொன்னார். மதிப்பெண்ணை நான் மாற்றவில்லை, மாற்றவும் கூடாது. ஆனால் நடந்ததைக் குறிப்பேட்டில் எழுதிப் பேராசிரியரிடம் காட்டினேன். எங்கள் கூட்டத்தில் அன்று வெகுநேரம் பேசினோம், அந்தத் தாள் எதை அளக்கிறது, மறதியையா, பள்ளிப் படிப்பையா என்று. இந்தச் சிக்கல் புதிதல்ல. ஹரியானாவில் பல்லப்கரில் எழுதப் படிக்கத் தெரியாத முதியவர்களுக்காகவே இப்படிப்பட்ட கேள்வித்தாளை மாற்றி அமைத்து 1995-ல் வெளியிட்டார்கள்.

இங்கேதான் எனக்கு ஒரு ஆதங்கம், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். உளவியல் ஆய்வுகளில் கலந்துகொண்டவர்கள் யார் என்று 2008-ல் ஒருவர் கணக்கெடுத்தார். நூற்றுக்கு 96 பேர் உலக மக்கள்தொகையில் 12 சதவீதமே வாழும் நாடுகளைச் சேர்ந்தவர்கள். அதிலும் நிறையப் பேர் கல்லூரி மாணவர்கள். நம் ஊர் ஆய்வகங்களிலும் சுலபமாகக் கிடைப்பது அதே வளாகத்து மாணவர்கள்தான். ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து துறைமுகத்துக்குப் போகிறவரின் தூக்கம், கொருக்குப்பேட்டையில் ரயில் சத்தத்துக்கு நடுவில் படிக்கும் பிள்ளையின் கவனம், வியாசர்பாடி மைதானத்தில் பந்தைத் தலையால் முட்டியே வளர்ந்த பையன்கள் — இவர்கள் யாரும் அந்தச் சராசரியில் இல்லை. இல்லாதவர்களைப் பற்றியும் அந்தச் சராசரிதான் பேசுகிறது. எனக்கு இது சகிக்கவில்லை. அதனால் என் வேலையில் பேராசிரியரிடம் நான் கேட்டு வாங்கிக்கொண்ட பொறுப்பு, நம் பக்கத்திலிருந்து ஆட்களை அழைத்து வருவது. மீன் வேலை முடிந்து தூங்கி எழுந்த பிறகான நேரமாகக் கொடுப்பது, போக வரச் செலவும் போன கூலியும் கிடைக்கச் செய்வது, எல்லாம் அதில் அடக்கம்.

அப்படி யாராவது உங்களைக் கூப்பிட்டால் சிலவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி இவை உங்கள் உரிமை. என்ன செய்யப்போகிறோம் என்று உங்களுக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாவிட்டால், ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒருவர் சாட்சியாக உடன் இருக்க வேண்டும். நடுவில் எழுந்து போனாலும் யாரும் ஏன் என்று கட்டாயப்படுத்தக் கூடாது. நீங்கள் சம்மதித்துக் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கும் தாளின் பிரதி ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும். ஆயா தன் பிரதியை மடித்து ரேஷன் கார்டு கவரில் வைத்துக்கொண்டார், அப்படித்தான் செய்ய வேண்டும்.

நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். பிள்ளைகள் இந்த வேலைக்கு எப்படி வருவது என்று விரிவாகப் பேச நினைத்திருந்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். விலங்கியல், உளவியல், உயிர்வேதியியல், இயற்பியல், எலெக்ட்ரானிக்ஸ் எதிலிருந்தும் வரலாம். கணக்குப் பார்க்க புரோகிராமிங் கொஞ்சம் தெரிந்தால் நல்லது. பேராசிரியர்கள் திட்டப் பணிக்கு ஆள் எடுக்கும்போது பல்கலைக்கழக இணையதளத்தில் அறிவிப்பு வரும், அதைப் பார்த்துக்கொண்டே இருங்கள். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தகுதி வாங்கினால் 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. உதவியாளர் வேலையில் அதைவிடக் குறைவு, திட்டம் முடிந்தால் வேலையும் முடியும், இதையும் தெரிந்துகொண்டு வாருங்கள். கை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் வரும் வலியை ஒரு சாதாரணக் கண்ணாடியும் பெட்டியும் வைத்துக் குறைக்கப் பார்த்த நரம்பியல் விஞ்ஞானி வி.எஸ். ராமச்சந்திரன் எம்.பி.பி.எஸ். படித்தது நம் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில்தான். அவரைப் பற்றித் தனியாக ஒரு நாள் பேச வாய்ப்பு கொடுத்தால் சந்தோஷமாக வருவேன். நன்றி, வணக்கம்.