கால் கோப்பைக் காப்பி

நேயர்களுக்கு வணக்கம்.

பாலைவனத்தில் கூடாரம் போட்டுத் தங்கிய அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று நிலையத்தார் கேட்டபோது, எனக்கு முதலில் ஞாபகம் வந்தது ஒட்டகமும் இல்லை, மணலும் இல்லை. பிடி இல்லாத ஒரு சின்னப் பீங்கான் கோப்பை. அதில் கால்வாசிதான் காப்பி.

இடம், ஜோர்டான் நாட்டின் தெற்கே உள்ள வாதி ரம். அக்கபா துறைமுகத்திலிருந்து காரில் ஒரு மணி நேரம். நவம்பர் மாதம், நாங்கள் பதினொரு பேர், மூன்று இரவு. வழிகாட்டி அந்த ஊர்ப் பெதூயின், அதாவது பாலைவன நாடோடி அரபு இனத்தவர்; நாற்பது வயதிருக்கும். பெட்டிகளும் தண்ணீரும் ஜீப்பில் முன்னால் போய்விடும். நாங்கள் காலையும் மாலையும் நடப்போம்.

முதல் நாள் மாலை நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தோம். அவர் பச்சைக் காப்பிக்கொட்டையை லேசாக வறுத்து, இடித்து, ஏலக்காய் போட்டுக் கொதிக்கவைத்தார். பால் கிடையாது, சர்க்கரை கிடையாது. மூக்கு நீண்ட ‘தல்லா’ என்ற காப்பிக் கூஜாவை இடது கையில் பிடித்து ஊற்றி, வலது கையால் கோப்பையை நீட்டினார். எட்டிப் பார்த்தால் அடியில் இரண்டு மடக்கு! நம் வீட்டில் இப்படிக் கொடுத்தால், வந்தவர் ஊர் முழுக்கச் சொல்லித் தீர்த்துவிடுவார். அங்கே கணக்கே வேறு. கொஞ்சமாக ஊற்றினால், ‘இரு, மறுபடி ஊற்றுகிறேன்’ என்று அர்த்தம். விளிம்புவரை ஊற்றினால், ‘குடித்துவிட்டுக் கிளம்பு’. போதும் என்றால் கோப்பையை இப்படியும் அப்படியும் ஆட்டிக் கொடுக்க வேண்டும். அது தெரியாமல் எனக்கு ஐந்து கோப்பை உள்ளே போயிற்று. அன்று ராத்திரி தூக்கமே இல்லை. வானத்தைப் பற்றி நான் பேசப்போவதில்லை. வானொலியில் நட்சத்திரத்தைக் காட்ட முடியாது.

அந்தக் கூடாரத்தைப் பற்றிச் சொல்லலாம். அரபியில் ‘பைத் ஷஅர்’, மயிர் வீடு. ஆட்டு மயிரைத் திரித்துப் பெண்கள் நெய்த கறுப்புத் துணி. படுத்துக்கொண்டு பார்த்தால் இழைகளுக்கு நடுவே வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. மழை வந்தால் ஒழுகாதா என்று கேட்டேன். நனைந்ததும் மயிர் உப்பி இடைவெளியை அடைத்துக்கொள்ளுமாம். உள்ளே ஒரு திரை. ஒரு பக்கம் விருந்தாளிகளுக்கு, மறு பக்கம் வீட்டுப் பெண்களுக்கு.

இரண்டாம் நாள் ரம் கிராமத்துக்குப் பின்னால் மலையேறி ‘அய்ன் ஷலாலா’ ஊற்றுக்குப் போனோம். அத்தனை வறட்சியில் பாறை இடுக்கில் நீர் கசிந்து, ஓரத்தில் பெரணி முளைத்திருக்கிறது. மேலே இருப்பது மணற்கல். மழை அதற்குள் இறங்கிவிடும். அடியில் கருங்கல், அதைத் தாண்ட முடியாமல், இரண்டும் சேரும் மட்டத்தில் நீர் வெளியே வருகிறது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே, பெட்ரா நகரைக் குடைந்த பழைய அரபு மக்களான நபத்தேயர்கள் அங்கே பாறையில் வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள். அந்த வட்டாரத்தில் மட்டும் சுமார் 25,000 பாறைச் செதுக்கல்களும் 20,000 எழுத்துப் பொறிப்புகளும் உண்டு. ஆளில்லாத இடம் என்று நாம் நினைப்பதெல்லாம் நம் நினைப்புதான். 2011இல் யுனெஸ்கோ இதை உலக மரபிடமாக அறிவித்தது, இயற்கைக்காகவும் பண்பாட்டுக்காகவும் சேர்த்தே.

அன்று ராத்திரி ‘சர்ப்’. குழிக்குள் தணல், அதன்மேல் அடுக்குத் தட்டில் கோழியும் ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும். மூடி, கம்பளி போர்த்தி, மணலைத் தள்ளிவிடுகிறார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். புகை ஒரு கீற்று வெளியே வந்தாலும் அங்கே இன்னும் ஒரு கை மணல். தோண்டி எடுத்தபோது எங்கள் குழுவில் பேச்சு நின்றுவிட்டது.

சாப்பிட்டுவிட்டு, மனசில் இருந்ததை வழிகாட்டியிடம் கேட்டே விட்டேன். “நாங்கள் காசு கட்டி வந்தவர்கள். இந்த உபசாரமெல்லாம் எங்களுக்காக நடத்துவதுதானே?”

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “கூடாரம் உங்களுக்காகப் போட்டதுதான். என் வீடு கிராமத்தில், சிமென்ட் வீடு. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். ஆடு மேய்த்தது தாத்தாவோடு சரி” என்றார். பிறகு, “தங்குவதற்கும் ஜீப்புக்கும் காசு வாங்குகிறேன். காப்பிக்கு யார் வாங்குவார்கள்?” என்றார்.

அவர் சிமென்ட் வீட்டில் இருக்கிறார் என்பதில் எனக்கு எந்த ஏமாற்றமும் இல்லை. நாம் போய்ப் பார்ப்பதற்காக ஒருவர் கூடாரத்திலேயே குளிரில் கிடக்க வேண்டுமா என்ன? எனக்கு உறுத்தியது வேறு. வழியில் சில முகாம்களில், கண்ணாடிக் குமிழி மாதிரி பிளாஸ்டிக் அறைகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள். உள்ளே குளிர்சாதனம். கதவைச் சாத்திக்கொண்டால் காப்பி ஊற்ற ஆள் எங்கே உட்காருவார்?

கடைசி நாள் காலை. பெட்டிகள் ஜீப்பில் ஏறிவிட்டன. எல்லோரும் நெருப்பண்டை நின்றபடி கையை நீட்டினோம். அவர் முகத்தில் சிரிப்பே இல்லாமல், என் கோப்பையை விளிம்புவரை, சிந்தச் சிந்த ஊற்றினார்.

முதலில் சிரித்தது அவர்தான். வணக்கம்.