டெக்சஸ் எஸ்.பி. 17: பல்கலைக்கழகப் பயிற்சிகளில் எது நின்றது, எது தொடர்கிறது?

(திரையில்: ஆஸ்டின் நகரில் உள்ள டெக்சஸ் சட்டமன்றக் கட்டடம்)

டெக்சஸில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தால், கட்டாயப் பயிற்சிப் பட்டியல் ஒன்று கையோடு வந்துவிடும். டி.இ.ஐ., அதாவது பன்முகத்தன்மை, சமத்துவம், அனைவரையும் உள்ளடக்குதல் என்ற தலைப்பிலான பயிற்சியை இன்று அந்தப் பட்டியலில் சேர்க்க முடியாது. காரணம் செனட் மசோதா 17, சுருக்கமாக எஸ்.பி. 17.

மசோதாவைக் கொண்டுவந்தவர் அப்போதைய டெக்சஸ் மாநில செனட்டர் பிராண்டன் கிரைட்டன். ஆளுநர் கிரெக் அபட் கையெழுத்திட்டது 2023 ஜூன் 14. நடைமுறைக்கு வந்தது 2024 ஜனவரி 1. ஆனால் மசோதா சட்டமாகும் வரை யாரும் காத்திருக்கவில்லை. 2023 பிப்ரவரியிலேயே டெக்சஸ் பல்கலைக்கழக அமைப்பு புதிய டி.இ.ஐ. கொள்கைகளை நிறுத்தி வைத்துவிட்டது. பணம் ஒதுக்குவதும் அதே சட்டமன்றம்தானே!

(திரையில்: சட்டப் பிரிவு. ஐந்து சொற்கள் ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன)

பயிற்சி பற்றிய பிரிவு சொல்வது இது: இனம், நிறம், இனக்குழு, பாலின அடையாளம், பாலியல் நாட்டம் ஆகியவற்றைக் குறித்து வடிவமைத்த பயிற்சியில் கலந்துகொண்டால்தான் சேர்க்கை, கலந்துகொண்டால்தான் வேலை என்று யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. இந்த ஐந்தில் மதம் இல்லை, ஊனம் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற நிலை இல்லை. மாற்றுத்திறனாளி மாணவருக்குத் தேர்வில் கூடுதல் நேரம் தருவது எப்படி என்று ஆசிரியர்களுக்குச் சொல்லித்தரும் வகுப்பை இந்தப் பிரிவு தொடுவதே இல்லை. இது தெரியாமல், வம்பே வேண்டாம் என்று அதையும் சேர்த்து ரத்து செய்வது தேவையில்லாத பயம்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. 'கட்டாயம் என்ற சொல்லை எடுத்துவிட்டு, விருப்பம் உள்ளவர்கள் வரலாம் என்று போட்டுவிட்டால் போதும்' என்று நினைப்பது. போதாது. டி.இ.ஐ. அலுவலகம் எது என்று வரையறுக்கும் பிரிவிலும் பயிற்சி வருகிறது. இப்படிப்பட்ட பயிற்சியை நடத்துவதே அந்த அலுவலகத்தின் வேலைகளில் ஒன்று என்கிறது சட்டம். அலுவலகமும் வைக்கக் கூடாது, அந்த வேலைக்கு ஊழியரை நியமிக்கவும் கூடாது, வெளி நிறுவனத்துக்கு ஒப்பந்தம் தரவும் கூடாது. ஆக, பயிற்சி விருப்பத்தின் பேரில்தான் என்றாலும், யார் நடத்துகிறார், எந்த வேலைக்காகச் சம்பளம் வாங்குகிறார் என்ற கேள்வி வரும்.

(திரையில்: இரண்டு கையெழுத்துக் கட்டங்கள்)

இங்கே ஒரு முடிச்சு. டெக்சஸ் தொழிலாளர் சட்டப்படி, வேலையிடப் பாகுபாடு பற்றிய பயிற்சியை அரசு ஊழியர் சேர்ந்த 30 நாட்களுக்குள் முடிக்க வேண்டும், பிறகு 2 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இனப் பாகுபாட்டைப் பற்றிப் பேசாமல் அதை எப்படி நடத்துவது? அதற்கான வழியை எஸ்.பி. 17 வைத்திருக்கிறது. பயிற்சியை ஒரு வழக்கறிஞர் தயாரிக்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் தலைமைச் சட்ட ஆலோசகர் எழுத்துப்பூர்வமாக ஒப்புதல் தர வேண்டும். டெக்சஸ் உயர்கல்வி ஒருங்கிணைப்பு வாரியமும் அப்படியே தர வேண்டும். நோக்கம், நீதிமன்ற உத்தரவையோ மாநில, கூட்டாட்சிச் சட்டத்தையோ பின்பற்றுவது மட்டுமே. வாரியத்தின் ஒப்புதல் இல்லாமல் உள்ளூர் ஒப்புதலோடு வகுப்பைத் தொடங்கினால் விலக்கு கிடைக்காது. ஒப்புதலுக்குப் பிறகு நடத்துபவர் தன் பங்குக்கு நாலு ஸ்லைடு சேர்த்தாலும் சிக்கல்தான். ஒப்புதல் பெற்றது அந்த உள்ளடக்கம் அல்லவே.

பொறுப்பில் இருப்பவர் செய்ய வேண்டியது, எல்லாப் பயிற்சிகளையும் ஒரே அட்டவணையில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்தச் சட்டம் அதைக் கோருகிறது, யார் நடத்துகிறார், ஒப்புதல் கடிதம் எங்கே இருக்கிறது என்று எழுதுவது. துறைகள் தாமாக வாங்கிய ஆன்லைன் பயிற்சிகளையும் விடக்கூடாது. சட்டம் பல்கலைக்கழகத்தின் ஒவ்வொரு பிரிவையும் கட்டுப்படுத்துகிறது.

பெயர்ப்பலகையை மட்டும் மாற்றித் தப்பிக்கலாமா? டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் நடந்ததைப் பாருங்கள். பன்முகத்தன்மைப் பிரிவு புதுப் பெயரில் தொடர்ந்தது. பெயர் மாற்றம் மட்டும் போதாது என்று 2024 மார்ச் மாதத்தில் கிரைட்டன் பல்கலைக்கழக அமைப்புகளுக்குக் கடிதம் எழுதினார். ஏப்ரல் 2 அன்று அந்தப் பிரிவையே மூடுவதாகப் பல்கலைக்கழகம் அறிவித்தது. பலருக்கு வேலை போயிற்று.

வகுப்பறைப் பாடம், ஆய்வு, குறுகிய கால விருந்தினர் உரை, மாணவர் சேர்க்கை, தரவுத் திரட்டல் இவற்றுக்கு இந்தத் தடை இல்லை. பதிவுபெற்ற மாணவர் சங்கங்களின் நிகழ்ச்சிகளுக்கும் இல்லை. தமிழ் மாணவர் சங்கம் பொங்கல் விழா நடத்த எஸ்.பி. 17-ஐப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

(திரையில்: தணிக்கை நாட்காட்டி)

மீறினால்? மாநில நிதியைச் செலவிடும் முன், சட்டத்தைப் பின்பற்றுகிறோம் என்று ஆட்சிக்குழு ஆண்டுதோறும் சான்று தர வேண்டும். மாநிலத் தணிக்கையாளர் ஒவ்வொரு பல்கலைக்கழகத்தையும் குறைந்தது 4 ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பார். தவறு கண்டால் சரிசெய்ய 180 நாட்கள். அதற்குள் சரிசெய்யாவிட்டால், அடுத்து வரும் 2 ஆண்டு பட்ஜெட் காலத்துக்கு நிதி உயர்வும் சிறப்பு ஒதுக்கீடும் கிடையாது. தடைசெய்யப்பட்ட பயிற்சிக்குக் கட்டாயப்படுத்தப்பட்ட மாணவரோ ஊழியரோ நேராக வழக்குப் போடலாம். கேட்கக்கூடியது தடை உத்தரவும், உரிமை என்ன என்று நீதிமன்றம் தரும் அறிவிப்பும்தான்; நஷ்டஈட்டுக்கு அந்தப் பிரிவில் இடமில்லை.